ஜெர்மனியில் விற்ற டச்சுப் பாட்டு, யாங்கோன் கோயில் வாசலில்

2010 ஜனவரியில் ஒரு வாரம் யாங்கோனில் இருந்தேன். ஏன் போனாய் என்று கேட்டவர்களிடம் விடுமுறை என்றேன். அது பாதி உண்மை. என்னோடு கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியின் சித்தி மகள் ஸ்டெல்லா அங்கே பபேடான் என்ற பகுதியில் இருக்கிறார். அவர் மகள் ரோஸிக்குக் கல்யாணம். "உன்னைத்தான் குறிப்பாக் கேட்டாங்க, கட்டாயம் போ" என்று தோழி விடாமல் சொன்னாள். என்னைப் பார்த்தே இராதவர்கள் என்னை எதற்குக் கேட்க வேண்டும்? நான் ஜெர்மன் சொல்லிக்கொடுப்பவள். ஒரு கல்யாண வீட்டுக்கு ஜெர்மன் என்ன உதவி செய்யும் என்ற சந்தேகத்தோடுதான் கிளம்பினேன்.

விசா டெல்லியில் உள்ள பர்மியத் தூதரகத்தில் வாங்க வேண்டும். முகவர் மூலம் பன்னிரண்டு நாள் ஆனது. சென்னையிலிருந்து பாங்காக், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் யாங்கோன். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் பதினைந்து கிலோமீட்டர், டாக்சிக்கு ஏழு டாலர். அந்த டாக்சியின் தரையில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியே சாலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏரியின் மேல் பனி இன்னும் கலையவில்லை. பெரிய புத்தர் கோயிலின் தங்கக் கோபுரம் மரங்களுக்கு மேலே தனியாக மிதந்தது. எதையும் சீக்கிரம் மெச்சும் பழக்கம் எனக்கில்லை, ஆனாலும் தலையைத் திருப்பி இரண்டு முறை பார்த்தேன்.

ஸ்டெல்லாவின் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அந்தத் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு நீளக் கயிறு கீழே தொங்குகிறது. அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரையும் ரொட்டியையும் நுனிக் கிளிப்பில் மாட்டினால் மேலே போய்விடும். காற்றடிக்கும்போது தெரு முழுவதும் கயிறுகள் சேர்ந்து அசைகின்றன. நான் இழுத்ததும் மேலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன: ஸ்டெல்லா, அவர் தங்கைகள் ஃபிலோமினா, ஆக்னஸ்.

"சயாமா வந்தாச்சு!" என்று ஆக்னஸ் தெருவுக்கே அறிவித்தார். டீச்சரம்மா என்பதற்கு அங்கே சயாமா. ஒரு வாரமும் எனக்கு அதுதான் பெயர்.

காபி குடித்து முடிப்பதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. 1980களின் தொடக்கத்தில் அவர்களுடைய அண்ணன் கப்பலில் வேலை செய்தபோது ஹாம்பர்க் துறைமுகத்தில் ரேடியோவிலிருந்து ஒரு காசெட் பதிந்து கொண்டுவந்தார். அதில் முழுக்க ஜெர்மன் கிறிஸ்துமஸ் கீதங்கள். கடைசியில் மணியோசையோடு மெதுவாகத் தொடங்கும் ஒரு பாட்டு. மூன்று பெண் குரல்கள். சகோதரிகளும் மூன்று பேர். மெட்டு பிடித்துப்போய், மரியாள் மலைநாட்டுக்கு நடந்து போவதைப் பற்றித் தமிழில் வரிகள் கட்டினார்கள். அன்றிலிருந்து வருஷந்தோறும் கிறிஸ்துமஸ் பூசையில் அவர்கள் பாடும் பாட்டு அதுதான். ரோஸி அதைக் கேட்டே வளர்ந்தவள். அந்தப் பாட்டோடுதான் கோயிலுக்குள் நடந்து போவேன் என்று சின்ன வயதிலேயே சொல்லிவிட்டாள்.

போன வருஷம் ஒரு பர்மியப் பாடகர் அதே மெட்டில் காதல் பாட்டு வெளியிட்டார். டீக்கடை எல்லாம் அதுதான். வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மிய வரிகள் போட்டுப் பாடுவது அங்கே சாதாரணம். காப்பிப் பாட்டு என்றே சொல்கிறார்கள். கோயில் பாடற்குழுத் தலைவர் ஊ ஜோசப்புக்கு (ஊ என்பது அங்கே பெரியவர்களுக்கு மரியாதைச் சொல்) அப்போதுதான் சந்தேகம் வந்தது. இது ஏதோ டான்ஸ் பாட்டாக இருந்தால் கோயிலுக்குள் விடமாட்டேன் என்றுவிட்டார்.

"நம்ம பாட்டத்தான் அந்தப் பய திருடிட்டான்" என்றார் ஆக்னஸ். "பூசைக்கு வந்து கேட்டுட்டுப் போயிருப்பான். நீங்க ஜெர்மன் படிச்சவங்க. கேட்டு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சயாமா, இந்த மனுஷன் வாய் அடைஞ்சிரும்."

இந்த மனுஷன் என்பவர் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். லோஞ்சி என்கிற பர்மியக் கைலியும் முழுக்கைச் சட்டையும் அணிந்த, மெலிந்த மனிதர். "நான் எதுக்கும் எதிரி இல்ல" என்றார் மெதுவாக. "உண்மை தெரிஞ்சாப் போதும்."

கரண்ட் இல்லை. பேட்டரி போட்டு டேப்பை ஓட விட்டார்கள். மணியோசை முடிந்து முதல் குரல் எழுந்ததும் நான் அந்த அறையில் இல்லை.

நான் கொலோனில் இருந்தேன். ஆராய்ச்சி உதவித்தொகையில் போன இரண்டாவது குளிர்காலம். விடுதியின் பொது அறை, ஈரக் கம்பளிக் கோட்டுகளின் மணம், தொலைக்காட்சியில் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பில் மூன்று பெண்கள். ஹாலந்துக்காரிகள். ஜெர்மனியில் அவர்கள் முகம் இல்லாத பத்திரிகையே இல்லை. என் பக்கத்து அறை அன்னெக்கும் ஹாலந்துக்காரி. அவளுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. "எங்கள் ஊரில் இவர்களை யாரும் இப்படிக் கொண்டாடவில்லை" என்பாள். "ஆங்கிலத்தில் பாடினார்கள், பிறகு யாரோ எழுதிக் கொடுத்த ஜெர்மன் வரிகளை அப்படியே மனப்பாடம் செய்தார்கள். உச்சரிப்பைக் கேள், தாங்க முடியவில்லை." அந்த உச்சரிப்புதான் ஜெர்மன்காரர்களுக்குப் பிடித்தது. தங்கள் மொழியைக் கொஞ்சம் தவறாக, ஆசையாகப் பேசும் விருந்தாளிகளைப் போல இருந்திருக்கலாம். பக்கத்து நாட்டுக்காரர்களே அந்தப் பாட்டைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சங்கீதத்தின் மேல் மரியாதை இல்லை. ஆனால் ஒரு வரி விடாமல் தெரியும்.

"இன்னொரு தடவை போடுங்கள்" என்றேன். கேட்பதற்காக இல்லை. ரோஸி வாசல் நிலையில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் முறையும் முடிந்தது. "கோயில் பாட்டுத்தானே?" என்றார் ஸ்டெல்லா.

"இல்லை. ஹாலந்துப் பெண்கள் மூன்று பேர் ஜெர்மனியில் பாடிப் புகழ்பெற்ற நடனப் பாட்டு. ரேடியோவில் கீதங்கள் முடிந்து அடுத்த நிகழ்ச்சி தொடங்கியிருக்க வேண்டும்."

"என்னதான் சொல்லுது?" என்றார் ஜோசப்.

"கடைசி டிராம் போய்விட்டது, இனி வீட்டுக்குப் போக வழியில்லை, வா ஆடலாம் என்று."

முதலில் சிரித்தது ஃபிலோமினா. முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. ஆக்னஸ் ஜோசப் பக்கம் திரும்பினார். "மூஞ்சியப் பாரு, லாட்டரி விழுந்தாப்ல! இப்ப நிம்மதியா?"

"எனக்கு என்ன நிம்மதி" என்றார் ஜோசப். அவர் முகம் உண்மையிலேயே வாடித்தான் இருந்தது.

ஸ்டெல்லா காசெட்டை எடுத்து உறையில் போட்டார். "எத்தனை கிறிஸ்துமஸ்... மாதா முன்னாடி நின்னு பாடினோமே" என்றார். ரோஸி அருகே வந்து தோளைத் தொட்டு, "யபாடே அம்மா, யபாடே" என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம். அவளுக்குத் தமிழ் புரியும். துக்கத்துக்கு வருவது பர்மியம்தான்.

மறுநாள் வீட்டில் இருக்கப் பிடிக்காமல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள டாலாவுக்குப் போனேன். பன்சோடான் படகுத்துறையிலிருந்து வெளிநாட்டினருக்கு ஒரு டாலர், பத்து நிமிடம். கடற்பறவைகள் படகின் கூடவே வந்தன. ஆற்றின் நடுவில் இரண்டு கரையும் பனியில் கரைந்து, எங்கிருந்து எங்கே போகிறோம் என்பதே சற்று நேரம் இல்லாமல் போனது. அக்கரையில் சைக்கா, அதாவது பக்கத்து இருக்கை வைத்த மூன்று சக்கர சைக்கிள், ஒரு மணி நேரத்துக்கு அந்த ஊர்ப் பணத்தில் இரண்டாயிரம் சாட். குளமும் மூங்கில் வீடுகளும் பார்த்துவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் அதே மெட்டு.

கடைக்காரர் தமிழர். "இந்தப் பாட்டு எதைப் பற்றி?" என்று கேட்டேன்.

"ரயில்ல ஏறிப் போயிட்டா, அவன் பிளாட்பாரத்துல அழுவுறான். வேறென்ன? கேட்டுக் கேட்டுக் காது தேஞ்சிருச்சும்மா."

"வெளிநாட்டுப் பாட்டிலிருந்து எடுத்ததாமே?"

"எடுக்கட்டுமே. டீத்தூளும் வெளியூர்தான், டீ நம்ம கடை டீ இல்லயா? இன்னொண்ணு ஊத்தவா?"

இந்த வாதத்தை ஒரு கருத்தரங்கில் யாராவது வைத்தால் நான் எழுந்து மறுப்பேன். அன்று மறுக்கவில்லை. இன்னொரு டீ குடித்தேன்.

அன்று மாலை ஜோசப்பைக் கோயில் முற்றத்தில் பார்த்து அன்னெக் சொன்னதைச் சொன்னேன். அந்த மூன்று பெண்களுக்கும் அது சொந்த வரிகள் அல்ல, சொந்த நாடும் அல்ல. கேட்டவர்கள் அதனால் குறைத்து எண்ணவில்லை என்று. பொறுமையாகக் கேட்டார். "சயாமா, உள்ள ஒத்துக்க முடியாது. சாமியார் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டே, "வெளியில பாடினா நான் எப்படித் தடுக்கறது? அது முனிசிபாலிட்டி ரோடு" என்றார்.

கல்யாண நாளான சனிக்கிழமைக்கு வருவதற்கு முன், யாங்கோன் போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். காலையில் மெல்லிய சால்வை வேண்டும். ஏடிஎம் கிடையாது. டாலர் நோட்டு மடிப்போ கறையோ இல்லாமல் புத்தம் புதிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாங்க மாட்டார்கள். நான் போனபோது ஒரு டாலருக்கு ஏறக்குறைய ஆயிரம் சாட். நம் கைப்பேசி அங்கே வேலை செய்யாது. டார்ச் எடுத்துப் போங்கள், மாடிப்படிகள் இருட்டு. பபேடானில் தமிழில் வழி கேட்கலாம். பெரியவர்கள் பதில் சொல்வார்கள், இளையவர்கள் புன்னகைத்துக் கையைக் காட்டுவார்கள். அரசியல் பேசாதீர்கள், அவர்களுக்குத்தான் தொல்லை. உங்களிடம் யாராவது உண்மை கேட்டால் சொல்லுங்கள், ஆனால் அதன் பிறகும் இரண்டு நாளாவது அங்கேயே தங்குங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிப் பூசை. சகோதரிகள் மூவரும் வெள்ளைச் சேலையில் கோயில் படிக்குக் கீழே, நடைபாதையில், வெற்றிலைக் கடைக்கும் சைக்கா வரிசைக்கும் நடுவில் நின்றார்கள். ஜோசப் வாசலில். ரோஸி நிலையைத் தாண்டியதும் கையசைத்து உள்ளே ஆர்கனைத் தொடங்கச் செய்வது அவர் வேலை; கை ஏற்கெனவே உயர்ந்திருந்தது. ஸ்டெல்லா தொடங்கினார். மரியாள் மலையேறத் தொடங்கினாள். முதல் சரணத்திலேயே சைக்கா ஓட்டிகள் மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பாடியது ரயிலில் போனவளை. வெற்றிலைக் கடைப் பெண்ணும் சேர்ந்தாள். மேலே பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாருக்கும் கேட்காதபடி நானும் டிராமைத் தவறவிட்டேன்.

ரோஸி படிகளில் ஏறினாள். கடைசிப் படியில், நிலைக்கு ஒரு அடி முன்னால் நின்றுவிட்டாள். மாப்பிள்ளை உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். பாட்டு முடியட்டும் என்று அவள் கண்ணால் சொன்னாள். ஜோசப் உயர்த்திய கையோடு காத்திருந்தார்.

கடைசிச் சரணம் முடிந்தது. தெரு அமைதியானது. ரோஸி சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு காலை எடுத்து வைக்கப் போனாள். அப்போது ஆக்னஸ், அக்காவைக் கேட்காமலே, முதல் வரியை மறுபடி எடுத்தார்.

ஜோசப் கையை இறக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார்.