பையில் ஐந்து கிலோ இருநூறு

முப்பத்தாறு வருடம் அரசாங்க அலுவலகத்தில் இருந்தவன் நான். கண்ணால் பார்த்ததைக்கூடக் கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல் நம்பியதில்லை, பேய் பிசாசை எங்கே நம்புவது. எங்கள் தெருவில் ஒருவர் எதையோ பார்த்ததாகச் சொன்னபோது, மணி என்ன, கூட இருந்தது யார் என்று கேட்டே அவர் வாயை அடைத்தேன். அதே கேள்விகளை நீங்களும் கேட்பீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணி காலை பத்தேகால். கூட இருந்தது ஏழுமலை.

செங்கல்பட்டில் சூப்பிரண்டாக ஓய்வுபெற்ற மறு வருடம், இரண்டாயிரத்தை ஒட்டிய காலம் அது, மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் அனுமதி வாங்கி நடந்துகொண்டிருந்த ஒரு தனியார் பாம்புப் பண்ணையில் நிர்வாக அலுவலராகச் சேர்ந்தேன். பாம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, படிவங்களைப் பற்றித் தெரியும். அது போதும் என்றார் முதலாளி.

அங்கே ஒரே ஒரு ராஜநாகம், பன்னிரண்டு அடி. மலைப்பாம்பு நல்ல அரசு ஊழியர் மாதிரி, தின்றுவிட்டுப் பத்து நாள் இருந்த இடத்தைவிட்டு அசையாது. ராஜநாகம் அப்படியில்லை, வெயில் ஏறியதும் நடக்க ஆரம்பித்துவிடும், கூண்டின் நாலு சுவரையும் அளந்துகொண்டே இருக்கும், ஆள் வந்தால் இடுப்புயரம் தலையைத் தூக்கி முகத்தைப் பார்க்கும். ஒளிந்துகொள்ள மரப்பெட்டி, ஊறிக் கிடக்கத் தண்ணீர்த்தொட்டி, ஏறுவதற்குக் கிளை எல்லாம் வைத்திருந்தோம், ஆனாலும் அதற்குப் பொழுது போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டவன் ஏழுமலை, பக்கத்துக் குப்பத்துக்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும். நல்லபாம்பு கடித்தால் போடும் மருந்து ராஜநாகத்துக்குக் கேட்காது என்பதை அவன்தான் எனக்குச் சொன்னான்.

"இது கட்சிச்சினா ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணாதீங்க சார், எங்க வூட்டுக்குப் பண்ணுங்க. எனக்கும் சேத்து ஒல வெச்சிடப் போறா."

செவ்வாய்க்கிழமை பண்ணைக்கு விடுமுறை, அன்றுதான் எடை போடுவதும் கூண்டு கழுவுவதும். துணிப்பையின் வாயில் ஒரு அகலமான பிளாஸ்டிக் குழாயைச் செருகித் தரையில் வைப்பான். இருட்டான பொந்து என்றால் பாம்புக்கு ஆசை, தானாக உள்ளே போகும். வால் மறைந்ததும் குழாயை உருவி, பை வாயை முறுக்கி முடிச்சுப் போட்டு, வெளியே நிற்கும் என்னிடம் கொடுப்பான், நான் சுருள்வில் தராசில் மாட்டுவேன். இதற்குப் பிறகு அவன் ஒரு காரியம் செய்வான். கூண்டின் முன்பக்கக் கண்ணாடிக்கு வெளியே நின்று காலிக் கூண்டை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பான்.

"பாம்புதான் பையில் இருக்கே, எதைப் பார்க்கிறாய்?"

"கூண்டப் பாக்கறேன் சார்."

"ஏன்?"

"பாக்கணும் சார், அவ்ளோதான்."

கோப்பில் எழுதக்கூடிய பதிலா இது. எடை பதிவேட்டில் ஏறியவுடன் கூண்டு காலியானதாகக் கருதப்படும், சுத்தம் செய்யும் பணி உடனே தொடங்க வேண்டும் என்று நானே ஒரு விதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஐந்து நிமிடம் மிச்சம். அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்தச் செவ்வாயும் வால் குழாய்க்குள் போனதை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். முடிச்சுப் போட்டுக் கொடுத்தான், நான் மாட்டினேன். ஐந்து கிலோ இருநூறு, போன வாரமும் அதேதான்.

"எழுதிட்டேன் ஏழுமலை."

"எழுதிட்டீங்களா, அப்ப சர்க்காரு ஆர்டரு. நான் உள்ள போறேன்."

வாளியும் பிரஷ்ஷுமாக உள்ளே போய், மரப்பெட்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தொட்டியின் விளிம்பைத் தேய்க்க ஆரம்பித்தான். நாலு தேய்ப்புத் தேய்த்திருப்பான். பெட்டியிலிருந்து ராஜநாகம் வெளியே வந்தது. வந்து, அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நிமிர்ந்து நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா, கூண்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தராசைப் பார்த்தேன். முப்பத்தாறு வருடப் பழக்கம், ஆளை நம்பாமல் ஆவணத்தைப் பார்ப்பது. முள் ஐந்து கிலோ இருநூறில் நின்றது. பை மெதுவாக உப்பி, மெதுவாகத் தணிந்தது. நம்பினால் நம்புங்கள்.

ராஜநாகம் அசைவைத்தான் பார்க்கும், அதனால் ஓடிவரச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் பேசும் குரலிலேயே சொன்னேன்.

"ஏழுமலை, அசையாதே. திரும்பாதே. பின்னால் இருக்கு."

"இன்னா கீது?"

"பாம்பு."

"அப்ப பையில?"

"பையிலயும் இருக்கு."

"சார், டமாஷ் பண்ற நேரமா இது" என்றான். அப்போது அது சீறியது. ராஜநாகத்தின் சீறல் நாய் உறுமுகிற மாதிரி இருக்கும், ஒருமுறை கேட்டவனுக்கு மறக்காது. பிரஷ்ஷைப் பிடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. அவனை அங்கே உட்கார வைத்தது பாம்பு இல்லை, என் விதி. அதற்கு மேல் சொல்ல என்னிடம் எந்த நடைமுறையும் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு நிமிடம். பிறகு அது தலையைத் தாழ்த்தி, அவன் முழங்காலை உரசிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கியது. குந்தினபடியே அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்து அவன் வெளியே வந்தான், நான் தாழ்ப்பாள் போட்டேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது. தண்ணீர் கேட்பான் என்று நினைத்தேன். பையைக் காட்டி, "அதுல இன்னா கீது?" என்றான்.

நீளக்கோலால் பையைக் கொக்கியிலிருந்து எடுத்தான். அதுவரை முள் இறங்கவில்லை, தாழ்ப்பாள் போட்ட பிறகு நான் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தவுடன் பை வெறும் துணியாகத் தொங்கியது. இரும்பு டிரம்முக்குள் வைத்து இடுக்கியால் முடிச்சை அவிழ்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு செதில்கூட இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் கேனை மாட்டித் தராசைச் சோதித்தேன், சரியாகக் காட்டியது.

குழாயிலிருந்து பாம்பு பின்வாங்கி நழுவியிருக்கும் என்பீர்கள். முதலாளிக்கு நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். எடையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விதியை அன்றே கிழித்தேன். ஏழுமலை அதற்குப் பிறகு பத்து நிமிடம் பார்த்தான், நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இப்போது அவன் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். எப்போது பார்த்தாலும் கேட்பான்: "நான் முடிச்சப் புட்சி தூக்கிக் குட்த்துட்டேன், அவ்ளோதான். நீங்கதான சார் ரெண்டு கையாலயும் வாங்கினீங்க. எப்டி இருந்திச்சி?"

பாம்பு மாதிரித்தான் இருந்தது என்று சொல்லிவிடுவேன்.

பொய். பாம்பு இருக்கும் பையில் எடை கீழே தொங்கும், சுருள்கள் ஒன்றின் மேல் ஒன்று நழுவும். துணி வழியாகவே கடிக்கும் என்பதால் உடம்பில் படாமல் தள்ளிப் பிடிக்க வேண்டும். அன்று நான் தள்ளிப் பிடிக்கவில்லை. வாங்கியவுடன் அதுவே மேலே நகர்ந்து, என் மார்பில் சாய்ந்து, இடம் பார்த்து அடங்கியது. தூக்கத்தில் குழந்தை கனக்குமே, அப்படிக் கனத்தது. நான் யோசிக்காமல் இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தேன். அப்புறம்தான் கொக்கியில் மாட்டினேன்.