அரிசி டின்னுக்குள் போன மாத்திரை

போன மாதம் ஒரு டாக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு செய்தது என் அண்ணன்... திட்டு எனக்கும் சேர்த்து!

அண்ணனுக்குக் கொட்டகலைப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அவருக்கு இரத்தப் புற்றுநோய் — மெதுவாக வளரும் வகை. தினமும் சாப்பாட்டோடு மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். இந்த முறை கிளினிக்குக்கு நானும் கூடப் போயிருந்தேன்; இரத்தப் பரிசோதனை சரியில்லை.

"மாத்திரை போடுறீங்களா, இல்லியா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

அண்ணன் மெல்லச் சொன்னார். "மகளுக்குச் சம்பந்தம் பேசுறோங்க. பக்கத்துக் காம்பராவுல மாப்பிள்ளையோட சித்தி இருக்காங்க. மாத்திரை அட்டைய ஒடைச்சாக்கூட அங்க கேக்கும். அதான் அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன். கல்யாணம் முடியட்டும்னு..."

லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இது புரியும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஒரு வீடு; நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே தும்மினால் அங்கே 'ஆயுசு நூறு' என்பார்கள். அதற்காக, நோயை மறைக்க மருந்தையே மறைப்பதா?

உண்மையில் அவர் பயந்தது 'குரோமோசோம்' என்ற சொல்லுக்கு. டாக்டர் முதலில் அதைச் சொன்னபோதே, பரம்பரை வியாதி என்று முடிவு கட்டிவிட்டார். மகளுக்கும் வரும் என்றால் யார் கட்டுவார்கள்?

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "ஐயா, இது பொறப்புல வந்ததில்ல. பிள்ளைக்கும் போகாது. எலும்பு மஜ்ஜைக்குள்ள ரெண்டு குரோமோசோம் உடைஞ்சு, துண்டு மாறி ஒட்டிக்கிச்சு. அதுதான் வெள்ளை அணுவைக் கண்டபடி பெருக்குது. மாத்திரை அதை அடக்கி வைக்குது. நிறுத்தினா இன்னும் குரோமோசோம் கெடலாம், நோய் வேகம் பிடிக்கும். அப்ப இந்த மாத்திரைக்கு அடங்காது. இன்னும் கைமீறல. இன்னைக்கே தொடங்குங்க!"

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பயமும்தான். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அப்பன் இருக்க வேண்டாமா?

வீட்டுக்குப் போனதும் அண்ணன் மகள் கவிதாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ நேரே போய் அரிசி டின்னுக்குள் கையை விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ராகலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பக்கத்துக் காம்பராச் சித்தியும்தான். சாப்பாடு பரிமாறியதும், கவிதா மாத்திரை அட்டையை எல்லார் முன்னாலும் அப்பாவின் இலையருகே வைத்தாள்.

"எங்கப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய். எனக்கு அப்பாகிட்டயிருந்து வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. சந்தேகம்னா அத்தை உங்கள கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இதுக்காக வேணாம்னா, சாப்பிட்டுட்டே போங்க. அப்பா, நீங்க மாத்திரையப் போடுங்க."

முதலில் பேசியது சித்திதான்.

"என்னா வியாதின்னு தெரியாது. ஆனா தெனம் சாப்பாட்டு நேரம் அட்ட ஒடைக்கிற சத்தம் கேக்கும். கொஞ்ச நாளா கேக்கலியேன்னு நான்தான் பயந்துகிட்டு இருந்தேன்!"

மாப்பிள்ளையின் அம்மா கவிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செம்பை எடுத்து அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

"தண்ணி நெறைய குடிங்க, சம்பந்தி."

அண்ணன் இப்போதெல்லாம் அட்டையைக் கொஞ்சம் பலமாகவே உடைக்கிறார் — அந்தப் பக்கம் சித்தி நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று!