அஞ்சலை அக்கா தூக்கின மண்ணு

அஞ்சலை அக்கா போயிட்டாங்க. இன்னிக்கு விடியக்காலையில, ஈப்போவுல, மக வீட்டுல.

பழைய தோட்டத்து வாட்சாப் குரூப் பூரா ஆர்.ஐ.பி. ஒருத்தர் பூ படம் போட்டு "நம் தோட்டத்து மண்ணின் மகள்"னு எழுதியிருக்கார். படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மண்ணின் மகளா? அந்த மண்ணுக்காக அவங்கள ஆபீஸ் முன்னால நிக்க வெச்சப்ப நீங்கல்லாம் எங்க இருந்தீங்க? என்னையும் சேர்த்துத்தான் கேக்குறேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம்... எழுபதுகளோட கடைசி. அக்காவும் நானும் ஒரே லயத்துல அடுத்தடுத்த வீடு, வேலை வாங்குற ஒரே மண்டோர் கீழ ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினோம்.

லயத்துக்குப் பின்னால இருந்தது ஒரு காலத்துல ஈயம் தோண்டின நிலம். வெறும் வெள்ளை மணல். மழை பெஞ்சா குளம், வெயில் அடிச்சா கால் வைக்க முடியாது. கீரை விதைகூட முளைக்காது.

அக்கா, புகைக்கூடத்துல கழிச்சுப் போட்ட பலகையைக் கேட்டு வாங்கி, முட்டி உயரத்துக்கு நாலு பாத்தி அடிச்சாங்க. பலகை கிடைச்சாச்சு, உள்ள போட மண்ணு?

தினமும் பால் நிறுத்துக் கொடுத்துட்டு, வாளியைக் கழுவி, மரத்தடியில மக்கிக் கிடக்குற இலை மண்ணை அள்ளிட்டு வருவாங்க. காண்டாக்கம்புல ரெண்டு பக்கமும் ரெண்டு வாளி, தோள் சிவந்து போயிருக்கும். மாசக்கணக்கா தூக்கினாங்க. பல நாள் நானும் கூடத் தூக்கினேன். மண்டோர் பார்த்துட்டுச் சிரிப்பார், அவ்ளோதான்.

அப்புறம் பார்க்கணுமே... வெண்டை, கத்தரி, பயத்தங்காய், ஓரத்துல மிளகாய், கடைசிப் பாத்தியில குட்டைப் பப்பாளி ரெண்டு. லயத்துல அந்தக் காய் வேகாத சட்டி இல்லை.

ஒரு தடவை நான் வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பார்த்துட்டேன். கையில பட்டுன்னு ஒரு அடி. "இது என்ன பாசாரா? முத்தலா இருந்தா நானே சொல்ல மாட்டேனா லா?"

சனிக்கிழமையானா கிராணி வீட்டுக்கும் ஒரு கூடை போகும். தோட்டத்து கிளார்க்கு, ஆபீஸையே கையில வெச்சிருந்த மனுஷன். பேர் வேணாம், அவரும் போய்ச் சேர்ந்துட்டார்.

ஒரு நாள் அவர் சம்சாரம் அக்காவைக் கூப்பிட்டு, எங்க வீட்டுலயும் இதே மாதிரி ஆறு பாத்தி போடணும், ஞாயித்துக்கிழமை வந்துடுன்னு சொல்லிச்சாம். ஞாயித்துக்கிழமை எனக்கு என் வீட்டு வேலை இருக்குங்கன்னு அக்கா தன்மையாத்தான் சொல்லியிருக்காங்க.

அடுத்த வாரமே, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல, அக்கா பேரைத் தனியாப் படிச்சாங்க. எஸ்டேட் சொத்தைத் திருடிட்டாங்களாம்.

என்ன சொத்து? இலை மக்கின மண்ணு! மழை வந்தா தானா ஓடையில அடிச்சுட்டுப் போற மண்ணு. அதுக்கு ஒரு விசாரணை, அதுக்கு ஒரு பேப்பர், ஆபீஸ் வாசல் ஐந்தடி வராந்தாவுல துரைக்கு ஒரு நாற்காலி...

சனிக்கிழமை சனிக்கிழமை கூடை வாங்கினப்ப அது யார் மண்ணுல காய்ச்சதுன்னு தெரியலையா?

கிராணி கேட்டார், வேற யாரெல்லாம் தூக்கினாங்கன்னு. நான் மூணாவது வரிசையில நிக்கிறேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் மட்டுந்தான் தூக்குனேன். வேற யாரும் இல்ல."

நான் வாயைத் திறக்கலை. வீட்டுக்காரருக்கு அப்பதான் அதே தோட்டத்துல வேலை கிடைச்சிருந்துச்சு, ரெண்டு பேரையும் விரட்டிடுவாங்கன்னு பயம். அது உண்மைதான். ஆனா அதைச் சொன்னா சரியாயிடுமா?

தீர்ப்பு என்ன தெரியுமா? எடுத்த மண்ணை எடுத்த இடத்துலயே கொண்டு போய்க் கொட்டணும்.

கொட்டினாங்க. பூவும் பிஞ்சுமா இருந்த செடியைப் பிடுங்கிப் போட்டுட்டு, வேலை முடிஞ்சு தினம் சாயங்காலம், அதே வாளி, அதே கம்பு. லயமே வாசல்ல நின்னு பார்த்துச்சு, ஒருத்தர் கை கொடுக்கலை.

நான் பார்க்கக்கூட இல்லை. கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன். வாளிக் கைப்பிடி கிறீச்சுன்னு போறதும் வர்றதும் கேட்டுச்சு... அன்னிக்கு எங்க வீட்டுக் குழம்புல கிடந்தது அவங்க கத்தரிக்காய்.

எண்பதுகள்ல தோட்டத்தை வித்துட்டாங்க, ஆளுக்கொரு பக்கம் போனோம். அக்காவைத் தேடி ஈப்போவுல அவங்க ஃப்ளாட்டுக்குப் போனேன். மூணாவது மாடி, நடைபாதை ஓரமா பழக்கடைப் பலகைப் பெட்டி வரிசையா... அதுல வெண்டை நிக்குது!

அன்னிக்கு நான் பேசாம இருந்துட்டேன் அக்கான்னு ஆரம்பிச்சேன். முடிக்க விடலை.

"அத வுடு. வெண்டக்கா வேணும்னா பறிச்சுக்க. நுனிய ஒடிக்காத."

அவங்க விட்டுட்டாங்க. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரலை. கிராணி மேல, வாசல்ல நின்னு பார்த்தவங்க மேல, எல்லாரையும் விட என் மேல.

நாளைக்கு மத்தியானம் எடுக்குறாங்க. குரூப்ல பூ போட்டவங்க நேர்ல வந்து ஆளுக்கு ஒரு பிடி மண்ணு போடுங்க.

என் வீட்டுப் பாத்தியிலேருந்து ஒரு வாளி மண்ணு கொண்டு வாரேன் அக்கா. எல்லாரும் பார்க்க, நானே தூக்கிட்டு வாரேன்.