அம்மாவின் வெள்ளைப் புடவையும் ஒரு ஃப்ரீவீலும்

மெஷின் ஆயிலும் பார் சோப்பும் கலந்த ஒரு வாடை... எண்பதுகளின் நடுவில், அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லைப்பக்கம் ஞாயிறு மத்தியானம் என்றால் இந்த வாடைதான். சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் வாரத் துணி.

அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சைக்கிள் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அவருடைய காக்கி நனைந்தால் சிமெண்ட் மூட்டை மாதிரி கனக்கும். அம்மா ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸ். தினமும் வெள்ளைப் புடவை. இரண்டையும் துவைத்துப் பிழிவது அம்மாதான்.

அந்த வருஷம் அம்மாவின் வலது மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. சிரிஞ்சைப் பிடித்தால் விரல் நடுங்கியது. கூட வேலை பார்த்த டாக்டரே சொல்லிவிட்டார்: "துணி பிழியறத நிறுத்தும்மா. இல்லன்னா ஊசி போடுறத நிறுத்த வேண்டி வரும்."

அம்மா வேலையை விடுவது... எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அந்த வேலை அம்மாவுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நான் துவைக்கிறேன் என்றேன். "நீ போய்ப் படி" என்று அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்தது.

சில நாளில் அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய கை வாஷிங் மெஷினைக் கொண்டுவந்தார். ஸ்டாண்டின் மேல் படுத்திருக்கும் ஒரு தகர டிரம். உள்ளே குறுக்காக ஓர் இரும்புத் தண்டு, வெளியே கைப்பிடி. துணியையும் வெந்நீரையும் சோப்புத் தூளையும் போட்டு மூடிச் சுற்ற வேண்டும்.

காலியாக இருந்தபோது ஜோராகச் சுற்றியது. தண்ணீர் ஊற்றியதும் அம்மாவால் அரைச் சுற்றுகூடச் சுற்ற முடியவில்லை. எனக்கு அப்போதே நம்பிக்கை போய்விட்டது.

அப்பாவுக்குப் போகவில்லை. முதலில் பிழிவதற்கு ஒரு வழி செய்தார். இரண்டு மர உருளைகள், மேலே இழுத்து மாட்டிய சைக்கிள் டியூப், நெருக்கிப் பிடிக்க ஸ்பிரிங். நடுவில் ஈரத்துணியை விட்டால் அந்தப் பக்கம் சப்பையாக வரும். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. பரவாயில்லை, தைத்துக்கொண்டோம்.

அடுத்தது டிரம்மின் கனம். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருந்த தாஸ் அண்ணனும் அப்பாவும் உட்கார்ந்து, கைப்பிடியில் சின்னப் பல்சக்கரம், டிரம்மில் பெரியது, நடுவில் செயின் என்று மாட்டினார்கள். லேசாகிவிட்டது. "பாத்தியா அண்ணாத்தே, வெண்ணெ கணக்கா ஓடுது! இதுல குந்திகினு ஆவடி வரைக்கும் போலாம்" என்றார் தாஸ் அண்ணன்.

அம்மா மறுநாள் டியூட்டிக்கு வேண்டிய வெள்ளைப் புடவையைப் போட்டுச் சுற்றினார். திறந்து பார்த்தால் புடவை நடுத்தண்டில் கயிறாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. எதிர்ப்பக்கம் சுற்றிப் பிரிக்கலாம் என்று கைப்பிடியைத் திருப்பினார்.

கிர்ர்ர்ர்...

சத்தம்தான் வந்தது. டிரம் அசையவில்லை.

அப்பா கைப்பிடியில் மாட்டியிருந்த சின்னப் பல்சக்கரம் ஒரு ஃப்ரீவீல். பெடலைப் பின்பக்கம் சுற்றினால் சைக்கிள் சும்மா இருக்குமே, அதற்குக் காரணமான சக்கரம். இத்தனை வருஷம் சைக்கிள் பாகங்களோடு இருந்தவருக்கு, பின்பக்கமும் சுற்ற வேண்டிய ஒரு சக்கரம் இருக்கும் என்றே தோன்றவில்லை.

அந்த ஈர முடிச்சோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அம்மா வலது கையை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். துணி பிழிந்ததைவிட அதிக வலி. அழவில்லை.

"ஏங்க, கையால தொவைக்கும்போது நான் ஒரே பக்கமாவா பொரட்டறேன்? இப்படிப் போட்டு, அப்படித் திருப்பி..." என்று இடது கையால் காற்றில் காட்டினார்.

அப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃப்ரீவீலைக் கழற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"தாஸு, இத வெல்டிங் வெச்சு அசையாம பண்ணிக் குடு. ரெண்டு பக்கமும் இழுக்கணும்."

"இன்னா அண்ணாத்தே, நல்லாத்தான கீறே? இத்த மாட்டிகினு எவன் சைக்கிள் ஓட்டுவான்?"

"சைக்கிளுக்கு இல்லடா. பொடவைக்கு."

தாஸ் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அப்ப மொதல்லயே அண்ணிய ஒரு வார்த்த கேட்டுகினு செஞ்சிருக்கலாமில்ல!"

அப்பா டிரம்முக்குள் இருந்த தண்டின் நடுப்பகுதியையும் புடவை சுற்றிக்கொள்ளாதபடி அறுத்து எடுத்து, இரண்டு முனைகளை மட்டும் விட்டுவைத்தார். எப்போது திருப்புவது என்பதற்கு அம்மாவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். கீர்த்தனை பாடிக்கொண்டே சுற்றுவார். ஒரு சரணம் இந்தப் பக்கம், அடுத்த சரணம் அந்தப் பக்கம்.

அடுத்த தடவை மூடியைத் திறந்தபோது புடவை முறுக்கில்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அம்மா நீளமாக ஒரு மூச்சு விட்டார். நானும்தான்.

வீக்கம் ஒரே நாளில் வடிந்துவிடவில்லை. ஆனால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு கேக் மாவைக் கலக்கியது அம்மாவின் வலது கை. ரிட்டயர் ஆகும்வரை ஊசி போட்டதும் அதே கைதான்.

பழைய நாட்கள் திரும்ப வராதா என்று நண்பர்கள் பலர் இங்கே எழுதுகிறீர்கள். எனக்கு அவை வேண்டாம். முகப்பேர் ஃபிளாட்டில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு நான் ஆபீஸ் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். அதில் எனக்கு நிம்மதிதான்.

போன மாதம் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். புது மெஷினின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். டிரம் சுற்றியது, நின்றது, எதிர்ப்பக்கம் சுற்றியது.

"அட, திருப்புதே! எங்கிட்ட கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்" என்றார் அப்பா.

"உங்ககிட்டயா..." என்றார் அம்மா, கண்ணை எடுக்காமல்.

டிரம் மறுபடி நின்றது. "சரணம் முடிஞ்சிது" என்றார் அம்மா.