ஒரு பாவு முடியட்டும்

வெற்றிலை பாக்கு மாற்றி விலை பேசி முடித்த அன்றே வீடு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான் இருந்தது.

அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் எழுதவேண்டும். வில்லங்கம் பார்க்க மனுப் போடவேண்டும். மூலப் பத்திரத்தில் உள்ள எல்லைகள் நேரில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவேண்டும். என் கணவர் பள்ளி ஆசிரியர். “அதெல்லாம் பத்திரம் எழுதுறவரு பாத்துக்குவாரு” என்றார். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், பத்திரத்தை இருமுறை படித்துவிட்டு, இன்னொரு முறை படித்திருக்கலாமோ என்று கவலைப்படுகிறவள். கிழக்குச் சுவர் பொதுச்சுவர் என்பதைக் கவனித்து, அதில் பக்கத்து வீட்டார் விட்டம் வைக்கலாமா என்பதுவரை கேட்டு எழுதவைத்தேன்.

கேட்காமல் விட்டது ஒன்றுதான்.

வீட்டை விற்றவர் நெசவாளி. கூடத்திலேயே குழித்தறி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்வார். காலி செய்வதைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: “தறியில ஒரு பாவு இருக்குதுமா. அது முடிஞ்சதும் சாவியக் குடுத்துர்றேன்.”

பாவு என்றால் ஒரு புடவை என்று எடுத்துக்கொண்டேன். நான் பிறந்தது மாகறல் பக்கம், விவசாயக் குடும்பத்தில். பட்டுப் புடவை கட்டத் தெரியும், நெசவு தெரியாது. அக்ரிமெண்டில் அவர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்தும் ஆனது.

அப்போது வைகாசி. எங்கள் வாடகை வீட்டுக்கார அம்மாள் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவர இருந்தார். ஆனிக்குள் நாங்கள் காலி செய்தாகவேண்டும். ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள். ஆனியை விட்டால் ஆவணிதான். தவழ்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நடுவில் எங்கே போவது?

வில்லங்கம் ஒன்றும் இல்லை என்று சான்று வந்ததும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். தறியில் பாதி நெய்த புடவை இருந்தது. நெசவாளியின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இந்தப் புடவை எப்பக்கா முடியும்?”

“அடுத்த வாரம் அறுத்துருவாரு.”

“அதோட காலி பண்ணிடுவீங்க, இல்ல?”

அவர் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “இன்னாம்மா நீ! ஒரு பாவுல மூணு பொடவ இருக்குது. இது மொத பொடவ. வாத்தியாரூட்டம்மா, படிச்சவங்கன்னு வேற சொல்லிக்கினு இருக்கோம்!”

தறியிலிருந்து அவர் கணவர் சொன்னார்: “தறியில நீளமா ஏத்தியிருக்கிற இந்த நூலுதான் பாவு. அது முதலாளியோடதுமா. நடுவுல அறுக்க முடியாது.”

வீட்டுக்கு வந்து, என் கணவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன். “எல்லாத்தையும் நீதானே படிச்சுப் பாத்தே?” என்றார். கோபமில்லை, கேள்விதான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாலையில் இருவருமாகப் போய்ப் பேசினோம். அவர்கள் குடும்பம் ஆனியிலேயே ஓரிக்கையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவது, பாவு முடியும்வரை அவர் மட்டும் பகலில் வந்து நெய்வது, நாங்கள் பின்கட்டில் இருப்பது என்று முடிவானது. அவர் எழுந்ததும் குழியைப் பலகை போட்டு மூடவேண்டும் என்றேன்.

“இத நீ சொல்லணுமாமா? நாலு புள்ளைங்கள இந்தக் குழியாண்டதான் வளத்தேன்” என்றார்.

ஆனியிலேயே பத்திரம் பதிவானது. தறிச் சத்தத்தோடு பால் பொங்கியது. அவர் தினமும் மறக்காமல் பலகை போட்டார். அவர் போனதும் அதன்மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தேன். காலையில் அதை நகர்த்தும்போதெல்லாம், “குழிக்குள்ள திருடனா பூந்துக்கினு இருக்கான்?” என்று கேட்பார்.

ஆடிக் கடைசியில் மூன்றாவது புடவையை அறுத்துத் தறியைப் பிரித்துக்கொண்டு போனார். குழியில் மண் கொட்டிக் கெட்டிப்படுத்தி மேலே சிமெண்ட் பூசினோம். காய்ந்துவிட்டதா என்று நான் பலமுறை மிதித்துப் பார்த்த பிறகுதான் பிள்ளையைக் கூடத்தில் இறக்கிவிட்டேன்.

குழி இருந்த இடத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குத் தவழ்ந்தான். வாசற்படிகள் எவ்வளவு செங்குத்து என்று அப்போதுதான் பார்த்தேன்.