ஆளுக்கொரு மனைக்கல்

மேடவாக்கம் சிக்னலில் கார் மறுபடியும் ஆஃப் ஆகி, கிளட்ச் கருகிய நாற்றம் வந்ததும் எனக்கு அம்மாவின் மொபெட் ஞாபகம் வந்தது. இந்த அடுக்குமாடிகள் எல்லாம் அப்போது வெறும் மனைகள். சாயங்காலமானால் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தப் புழுதியில் வண்டி பழகுவாள், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத எங்கள் தெரு ஆளுக்கொரு மனைக்கல்லில் உட்கார்ந்து அவளுக்குப் பாடம் நடத்தும்.

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்பார் எதிர்வீட்டுக்காரர், அவள் விழும்போதெல்லாம்.

“விழறது நான், சார். உங்களுக்கு எங்க வலிக்குது?” என்றபடியே முள்ளைத் தட்டிவிட்டு வண்டியை நிமிர்த்துவாள் அம்மா.

மனைக்கற்களைப் பிடுங்கிவிட்டார்கள், உட்கார்ந்தவர்கள் மட்டும் எழுந்து போகவேயில்லை. ஸ்டியரிங்கைத் தொட்டே அறியாத என் கணவர் பக்கத்து சீட்டிலிருந்து, “பேசாம ஆட்டோவுலயே வந்திருக்கலாம்” என்கிறார்.

பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. நான் மறுபடி சாவியைத் திருப்புகிறேன்.