எங்கள் வம்சத்தில் யாருக்கும் கிடையாது

மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து, மருந்து ஏற்றுவதும் ஓய்ந்த பிறகு, சென்னை ஆஸ்பத்திரியில் என்னை இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள். எனக்கு வந்த புற்றுநோய் பரம்பரையாக வந்ததா என்று பார்க்கும் அறை. அங்கே ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மரபணு ஆலோசகராம். கிராமத்து ஆட்களுக்கு அவர்கள் பாணியிலேயே விளக்க வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மேஜைமேல் ஒரு படப் புத்தகம். அட்டையில் கோலம், உள்ளே பக்கத்துக்குப் பக்கம் நெற்கதிர்.

"உங்க ஊர்ல விதைநெல் எடுத்து வைப்பீங்க இல்லம்மா, அது மாதிரிதான் இதுவும்" என்று ஆரம்பித்தாள்.

நாங்கள் விதைநெல் எடுத்து வைத்தது எந்தக் காலம். இப்போது டிப்போவில் மூட்டையாக வாங்கி வருகிறோம். அதிலும் நான் உத்திரமேரூரில் பத்திரம் எழுதும் கடையில் டைப் அடிக்கிறவள். சேற்றில் கால் வைத்தே வருஷக்கணக்காகிறது. இருந்தாலும், பாவம், நமக்காக மெனக்கெட்டுக் கதிர் வரைந்திருக்கிறார்களே என்று தலையாட்டி வைத்தேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் இருந்ததா?"

"எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாதும்மா."

நான் பொய் சொல்லவில்லை. மனசார அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம் என்று தாளில் போட்டுக்கொண்டே வந்தாள். அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் உண்டா என்றாள். இரண்டு அத்தைகள், இரண்டு பேரும் இப்போது உயிரோடு இல்லை என்றேன். எதனால் என்றாள்.

"பெரியவங்களுக்கு மார்ல கட்டி. சின்னவங்களுக்குச் சினைப்பையில."

பேனா நின்றது. "யாருக்கும் இல்லன்னீங்களே?"

"அவங்க கட்டிக்குடுத்துட்ட பொண்ணுங்கம்மா. ஒருத்தங்க சாலவாக்கம், ஒருத்தங்க திருப்புலிவனம். அது அந்த வூட்டு வியாதி."

சொல்லும்போதே என் வாய்க்கே அது கசந்தது. ஆனால் எங்கள் பக்கம் அதுதான் நடைமுறை. தாலி ஏறிய அன்றே பெண் வேறு வீட்டு ஆள். அத்தைகள் செத்தபோது எங்களுக்கு மூன்றே நாள் தீட்டு. மூன்று நாளில் கழுவிவிட்ட உறவை, வட்டம் போட்டுத் தேட ஒருத்தி வருவாள் என்று யார் கண்டது? சாலவாக்கத்துக்காரர்கள் பெரிய அத்தையைப் பற்றி, "பொறந்த வூட்லருந்து எடுத்துக்கினு வந்துட்டா" என்றார்கள். எங்கள் ஆட்கள், "அந்த ஊர் தண்ணி சரியில்ல" என்றார்கள். இரண்டு வீடும் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டதில் அவள் எந்த வீட்டுக்காரியாகவும் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள்.

என் வேலையே தினம் இதுதான். பிறந்த வீட்டுச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண்கள் எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன். எனக்கும் நானே அடித்துக் கையெழுத்துப் போட்டேன். எழுத்துப்பிழைகூட இல்லை. நிலத்தை அப்படி விட்டுக்கொடுத்துவிட்டேன். ரத்தத்தில் வந்த பங்கை எந்த ரிஜிஸ்டர் ஆபீசிலும் விட முடியாது.

அன்று என்னிடம் எடுத்த ரத்தத்தின் முடிவு தை மாதம் வந்தது. கோளாறு அப்பா வழியாக வந்தது. அப்படியென்றால் அண்ணனுக்கும் பாதிக்குப் பாதி இருக்கலாம், அவருக்கு இருந்தால் அவர் மகளுக்கும் பாதிக்குப் பாதி. முன்னாலேயே தெரிந்தால் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டே இருக்கலாம், காப்பாற்றிக்கொள்ள வழி உண்டு என்றாள் ஆலோசகர். அண்ணன் ஒரு குழாய் ரத்தம் கொடுத்தால் போதும். அவருக்கு இல்லை என்று வந்தால், பெண்ணும் அவர் வழியாக இதை வாங்கியிருக்க மாட்டாள்.

அப்புறம் அவளுடைய படிவத்தில் ஒரு கேள்வி வந்தது. பிறந்த வீட்டில் முடிவெடுப்பது யார்? பழக்கதோஷம், "அண்ணன்" என்றேன். அவ்வளவுதான், எங்கள் பண்பாட்டை மதித்து, என் சம்மதத்தோடு, அண்ணனுக்கே போன் போட்டுவிட்டாள். பெரியவர் மனம் நோகாமல் அரை மணி நேரம் பேசினாளாம். விதைநெல் கதையும் நடந்திருக்கிறது. எங்கள் பண்பாடு என்பது என் அண்ணன்தான் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் என் வீட்டு வாசலில் நின்றார், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பொம்பளைங்க சீக்குக்கு என் ரத்தம் இன்னாத்துக்கு? பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு கீறோம். வெளிய தெரிஞ்சா எவன் வருவான்?"

"அவளுக்காவது சொல்லலாமேண்ணா."

"நீ வாய மூடிக்கினு இருந்தா எல்லாம் நல்லபடியா நடக்கும்."

பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள். பதினோராவதாக ஒன்று இருப்பதை மட்டும் பார்க்க மாட்டார்கள். அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், எனக்கு ஆபரேஷன் நடந்தது கர்ப்பப்பை நீர்க்கட்டிக்கு என்று சொல்லியிருந்தார்கள். நானும் பஞ்சு வைத்த உள்சட்டை போட்டுக்கொண்டு, நீர்க்கட்டிக்காரியாகச் சிரித்தபடி காபி கொடுத்தேன். அந்த வரன் தட்டிப்போனது, மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு இல்லையென்று அண்ணனே வேண்டாம் என்றார்.

அண்ணன் மகள் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி பஸ் ஏறுவாள். ஆவணியில் ஒரு நாள் காலையில் அங்கே போய் அவளைப் பிடித்தேன். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, அத்தைகளிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். கோலமும் இல்லை, கதிரும் இல்லை. அவள் தாளில் இருந்த தேதியைப் பார்த்தாள்.

"அத்தே, இது தை மாசத்துது."

"ஆமாம்மா."

"ஏழு மாசமா வெச்சிக்கினு கீறியா?"

எல்லோருக்கும் கைவசம் ஒரு நக்கல் வைத்திருக்கிறவள், அவளிடம் உள்ளதைச் சொன்னேன்.

"உங்கப்பா கோவிச்சிக்குவாருன்னு பயந்துட்டேம்மா."

"நான் கோவிச்சிக்க மாட்டேன்னு நெனச்சியா?"

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவள் ஏறவில்லை. அந்த ஆலோசகர் நம்பரை வாங்கி, என் முன்னாலேயே போன் செய்து, தன் பெயரையும் வயதையும் சொல்லி, ரத்தம் கொடுக்க நாள் கேட்டாள். யாராவது கூட வருவார்களா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் தனியா வந்துக்கறேன்" என்றாள்.